சேல்ஸ்மேனின் சிபாரிசுக்கு யார் கூலி கொடுக்கிறார்கள்?

ஃபிரிட்ஜ் வாங்க ஷோரூமுக்குப் போனால் ஐந்தாறு பிராண்ட் வரிசையாக நிற்கும். எல்லாவற்றிலும் ஸ்டிக்கர், எல்லாவற்றுக்கும் ஆஃபர். குழம்பிப்போய்ப் பக்கத்தில் நிற்பவரிடம் “எதுங்க நல்லா இருக்கும்?” என்று கேட்போம். அவர் யோசிக்காமல் ஒன்றைக் காட்டுவார். “இதையே எடுத்துக்குங்க சார், கம்ப்ளெயின்ட்டே வர்றதில்ல.”

அந்த ஒன்றை விற்றால் அவருக்குத் தனியாக 400 ரூபாய் கிடைக்கும், மற்றதை விற்றால் கிடைக்காது என்று வைத்துக்கொள்வோம். அதை அவர் நம்மிடம் சொல்லவில்லை. இதில் தப்பு இருக்கிறதா? இருந்தால் யாருடைய தப்பு? விற்றவருடையதா, கடை முதலாளியுடையதா, காசு கொடுத்த பிராண்டுடையதா?

சில மாதங்களாக ஓய்வு நேரத்தில் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு சாஃப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன். ஆனால் ஒரு புரோகிராமுக்கு எந்த எண்ணை அதிகமாக்கச் சொல்கிறோமோ, அது அந்த எண்ணைத்தான் அதிகமாக்கும், நாம் மனதில் நினைத்ததை அல்ல. இதை எங்கள் தொழிலில் அடிக்கடி பார்க்கிறோம். கடைக்கும் அது பொருந்தும்.

காசு வரும் நான்கு வழிகள்

பேச்சில் எல்லாவற்றையும் “கமிஷன்” என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் நான்கு வகை இருக்கிறது.

முதல் வகை, கடை முதலாளியே தன் ஊழியருக்குக் கொடுப்பது. போன வருஷ மாடல் தேங்கிக் கிடக்கிறது, தள்ளிவிட்டால் பீஸுக்கு இவ்வளவு என்பார்.

இரண்டாவது, பிராண்ட் தன் ஆளையே கடைக்குள் நிறுத்துவது. இவர்களை ப்ரோமோட்டர் என்பார்கள். பெரும்பாலும் ஒரு மேன்பவர் ஏஜென்சி வழியாகச் சம்பளம் வரும், மாத டார்கெட் இருக்கும். சிலர் கம்பெனி பெயர் போட்ட டி-ஷர்ட்டில் நிற்பார்கள். சில கடைகளில் கடை யூனிஃபார்மிலேயே நிற்பார்கள். பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

மூன்றாவது, கடையின் சொந்த ஊழியருக்கு பிராண்ட் கொடுப்பது. பீஸுக்கு இவ்வளவு, 10 பீஸ் தாண்டினால் கூடுதல், மாதக் கடைசியில் கிஃப்ட் வவுச்சர். மொபைல் கடைகளில் விற்ற போனின் எண்ணை ஓர் ஆப்பில் பதிந்தால் காசு கணக்கில் ஏறிவிடும். முதலாளிக்கு இது பெரும்பாலும் தெரிந்தே நடக்கும். அவருக்கே தனியாக ஸ்கீம் இருக்கும்: தங்கக் காசு, பாங்காக் டூர்.

நான்காவது, கடைக்கு வெளியே நடப்பது. வீட்டுக்கு பெயின்ட் அடித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பெயின்ட் டப்பாவுக்குள் ஒரு டோக்கன் கிடக்கும், பெயின்டர் அதைக் கடையில் கொடுத்துக் காசாக்கிக்கொள்வார். இப்போது டோக்கனுக்குப் பதில் க்யூஆர் கோடு வந்துவிட்டது. பிளைவுட், ஒயர், பைப் என்று கார்பென்டர், எலக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாருக்கும் இதே மாதிரி திட்டங்கள் உண்டு.

இது ரகசியமும் இல்லை. 2022 ஜூலை 1 முதல் வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு நடைமுறைக்கு வந்தது. தொழில் வழியாக ஒருவருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிச் சலுகையோ பரிசோ கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். டீலரின் டூருக்கும் தங்கக் காசுக்கும் அது பொருந்தும். கொடுப்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியும், வரித்துறைக்கும் தெரியும். பொருளை வாங்கும் நமக்குத்தான் தெரியாது.

பழைய பழக்கம்தான்

ஆங்கிலத்தில் இதற்கு “ஸ்பிஃப்” என்று ஒரு சொல் உண்டு. ஜான் கேம்டன் ஹாட்டன் 1859-ல் லண்டனில் வெளியிட்ட கொச்சைச் சொல் அகராதியிலேயே அது இருக்கிறது. ஜவுளிக்கடைக்காரர்கள் பழைய மோஸ்தர் துணியை விற்றுத் தரும் பையன்களுக்குக் கொடுத்த பங்குக்கு அந்தப் பெயர். அதாவது நம் பட்டியலில் முதல் வகை. பிறகு உற்பத்தியாளர்களே நேரடியாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் அதற்கு “புஷ் மணி” என்று பெயர் வந்தது. தள்ளிவிடுவதற்கான காசு, பெயரே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது.

அங்கே வழக்கும் நடந்தது. கட்டில் ஸ்பிரிங் தயாரித்த கின்னி-ரோம் என்ற கம்பெனி, தன் சரக்கை விற்கும் கடை ஊழியர்களுக்குப் பரிசு கொடுத்தது. இது முறையற்ற போட்டி என்று ஃபெடரல் டிரேட் கமிஷன் தடுத்தது. 1921-ல் அப்பீல் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்துவிட்டது. முதலாளிக்குத் தெரிந்து, அவர் சம்மதத்தோடு நடக்கிறபோது அதை முறையற்ற போட்டி என்று சொல்ல முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் போக்கு.

நாற்பது வருஷம் கழித்து அதே நாடு வேறு ஒரு துறையில் வேறு மாதிரி நடந்துகொண்டது. ரேடியோவில் பாட்டுப் போடும் டிஸ்க் ஜாக்கிகளுக்கு இசைத்தட்டுக் கம்பெனிகள் பணம் கொடுத்து வந்தன. அதற்கு “பேயோலா” என்று பெயர். நாடாளுமன்ற விசாரணை நடந்து, 1960-ல் சட்டம் திருத்தப்பட்டது. காசு வாங்கிக்கொண்டு பாட்டைப் போட்டால் நேயர்களிடம் சொல்லியாக வேண்டும் என்றாயிற்று. ராக் அண்ட் ரோலைப் பிரபலமாக்கிய ஆலன் ஃப்ரீட் 1962-ல் வணிக லஞ்சக் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார்.

கட்டில் ஸ்பிரிங்குக்குச் சரி, பாட்டுக்குத் தப்பு. ஏன்? கடைக்காரன் தன் சரக்கைப் புகழத்தான் செய்வான் என்று வாங்குபவருக்குத் தெரியும். ரேடியோக்காரர் தனக்குப் பிடித்ததைப் போடுகிறார் என்று நேயர் நம்புகிறார். அந்த நம்பிக்கையை விற்றதுதான் அங்கே குற்றம். எனக்கு இந்த வேறுபாடு முக்கியமாகப் படுகிறது. காசு வாங்குவது மட்டும் தப்பாகிவிடாது. கேட்பவர் “இவர் நமக்காகச் சொல்கிறார்” என்று நினைக்கும் இடத்தில், அந்த நினைப்பைப் பயன்படுத்திக்கொள்வதுதான் தப்பு.

அவர் யாருடைய ஆள்?

இதை வைத்து நம் நான்கு வகைகளையும் அடுக்கிப் பார்க்கலாம்.

கம்பெனி டி-ஷர்ட் போட்ட ப்ரோமோட்டர் அந்த பிராண்டின் ஆள் என்று வெளியில் தெரிகிறது. அவர் தன் பிராண்டைப் புகழ்வதில் ஏமாற்று எதுவும் இல்லை. சந்தையில் “நம்ம கத்தரிக்கா பிஞ்சு கத்தரிக்கா” என்று கூவுவது மாதிரிதான்.

கடை யூனிஃபார்மில் நிற்கும் ப்ரோமோட்டரும், பிராண்டிடம் தனியாகக் காசு வாங்கும் கடை ஊழியரும் ஒரு படி மேல். கடைக்காரருக்கு ஏதாவது ஒன்றை விற்க வேண்டும் என்ற ஆசை இருக்கும், அது நமக்குத் தெரியும். ஆனால் எதை விற்றாலும் அவருக்கு ஒன்றுதான் என்று நாம் நினைத்திருக்கிறோம். அதனால்தான் “எது நல்லா இருக்கும்?” என்று அவரிடம் கேட்கவே செய்கிறோம்.

பெயின்டரும் கார்பென்டரும் அதற்கும் மேல். அவர்களுக்குக் கூலி கொடுப்பதே நாம்தான். நம் சார்பில் கடைக்குப் போகிறார்கள், நம் காசில் வாங்குகிறார்கள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் ஏஜென்ட் பற்றி ஓர் அத்தியாயமே இருக்கிறது. ஒருவர் சார்பில் வேலை செய்பவர் அவருக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த லாபத்தை அவர் கேட்டு வாங்கலாம் என்கிறது 216-ஆவது பிரிவு. நம் பெயின்டர் சட்டப்படி ஏஜென்ட்டா என்பது வக்கீல்களின் விவாதம். ஆனால் அந்தப் பிரிவுக்குப் பின்னால் இருக்கும் நியாயம் யாருக்கும் புரியும். என் சார்பில் போகிறவர் எதிர்த் தரப்பிடம் காசு வாங்கக் கூடாது.

இந்த ஏணியின் உச்சியில் டாக்டர். உடம்பையே அவரிடம் ஒப்படைக்கிறோம். அதனால் அங்கே விதியும் வந்துவிட்டது. மருந்துக் கம்பெனிகளிடம் டாக்டர்கள் பரிசு, பயணம், பணம் வாங்கக் கூடாது என்று 2009-ல் மருத்துவக் கவுன்சில் விதிகளைத் திருத்தினார்கள். அப்படிக் கொடுத்த பரிசுகளை வியாபாரச் செலவு என்று வரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று 2022 பிப்ரவரியில் அபெக்ஸ் லேபரட்டரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது.

ஆக, ஒரே 400 ரூபாய் ஆளுக்கு ஆள் வேறு பொருள் பெறுகிறது. நாம் எவ்வளவு நம்பிக் கேட்கிறோமோ, அந்த அளவுக்கு அதன் கனம் கூடுகிறது.

400 ரூபாய் என்ன செய்யும்?

“இதெல்லாம் சின்னத் தொகைதானே” என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவருக்குப் பொருத்தமான ஃபிரிட்ஜ் 28,000 ரூபாய். பக்கத்தில் நிற்பது 33,000 ரூபாய், அவருக்குத் தேவையில்லாத வசதிகளோடு. இரண்டாவதை விற்றால் ஊழியருக்கு 400 ரூபாய் என்றால், அவருக்கு 400 லாபம், வாங்குபவருக்கு 5,000 வீண். நஷ்டமும் லாபமும் ஒரே அளவில் இல்லை. ஒரு சின்ன ஆணியைத் திருகிப் பெரிய கதவைத் திறப்பது போல, 400 ரூபாய் கொடுத்து 33,000 ரூபாய் முடிவைத் திருப்பிவிட முடிகிறது. பிராண்டுகள் விளம்பரத்தோடு நிறுத்தாமல் இதற்கும் ஏன் செலவழிக்கின்றன என்பது இங்கே புரியும்.

இரண்டு பொருளும் ஏறக்குறைய ஒன்று என்றால் பெரிய நஷ்டம் இல்லை. சொல்லப்போனால் நன்மைகூட இருக்கலாம். டிவி விளம்பரத்துக்குக் காசில்லாத புது கம்பெனி, கடை ஊழியருக்கு நாலு காசு கொடுத்துத் தன் பொருளை எடுத்துக் காட்டச் சொல்கிறது. அதில் போட்டி வளரும். பொருளைக் கற்றுக்கொண்டு விளக்குவதும் உழைப்புதான், அதற்குக் கூலி கேட்பதில் குறை இல்லை. பொருள்கள் ரொம்ப வேறுபடும் இடத்தில்தான் சிக்கல்.

வாட்டர் ப்யூரிஃபையர் நல்ல உதாரணம். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவை டிடிஎஸ் என்கிறார்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. அதற்கு மேல் போனால்தான் ஆர்.ஓ. மெஷினுக்கு உண்மையான வேலை. அந்த மெஷின் உள்ளே போகும் தண்ணீரில் பெரும்பகுதியைக் கழிவாக வெளியே தள்ளும். அதனால்தான் 500-க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டும் என்று 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது.

என் சித்தி கோவையில், சிறுவாணித் தண்ணீர் வரும் பகுதியில் இருக்கிறார். ஊரே இனிப்பு என்று பெருமைப்படும் தண்ணீர். ஒரு கடையில் போய் எது நல்லது என்று கேட்டிருக்கிறார். உங்கள் வீட்டில் என்ன தண்ணீர் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. 16,000 ரூபாய்க்கு ஒரு ஆர்.ஓ. வந்து சுவரில் மாட்டிக்கொண்டது. பிறகு நான் ஒரு டிடிஎஸ் மீட்டரை எடுத்துப்போய்க் குழாய்த் தண்ணீரில் வைத்துப் பார்த்தேன். 100-ஐத் தாண்டவில்லை. கிருமிக்காகப் பாதி விலையில் ஒரு யூ.வி. ஃபில்டர் போதுமாக இருந்திருக்கும். சித்தியிடம் சொன்னபோது அவருக்குக் கோபமே வரவில்லை. “அந்தப் பையன் எவ்ளோ மரியாதையாப் பேசுனான் தெரியுமா கண்ணு” என்றார்.

அந்தப் பையனுக்கு அதில் தனியாகக் காசு கிடைத்ததா என்பதல்ல இங்கே விஷயம். கிடைத்திருந்தாலும் சித்திக்குத் தெரிய வழியே இல்லை. அவர் பொய்யும் சொல்லியிருக்க வேண்டியதில்லை. “ஆர்.ஓ. தண்ணி ரொம்ப சுத்தம்மா” என்பது உண்மைதான். கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று நாள் ரிவ்யூ படித்து, மாடல் நம்பரோடு கடைக்குப் போகிறவரிடம் இந்த 400 ரூபாய் வேலை செய்யாது. அவர் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. தெரியாமல் கேட்கிறவர்களிடம்தான் அது வேலை செய்யும்: வயதானவர்கள், முதல் முறை வாங்குகிறவர்கள், இ.எம்.ஐ. போட்டு வாங்குகிறவர்கள். நம்பிக் கேட்பவர்களிடம் மட்டும் வசூலாகும் வரி இது. எனக்கு உறுத்துவதும் இதுதான்.

“அவங்க சம்பளம் தெரியுமா சார்?”

எதிர்வாதங்களில் இரண்டு வலுவானவை.

முதலாவது, சம்பளம். கடை ஊழியர்கள் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறார்கள். அவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்பதற்கே தமிழ்நாட்டில் 2021-ல் கடைகள் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. அடிப்படைச் சம்பளம் குறைவு, மீதியை இன்சென்டிவ் நிரப்புகிறது. அப்படி இருப்பவரிடம் போய் “நீ நேர்மையாக இரு, 400 ரூபாயை விட்டுவிடு” என்று சொல்வது சுலபம், நியாயம் இல்லை. மாதக் கடைசியில் டார்கெட்டுக்கு இரண்டு பீஸ் குறைகிறது, வீட்டு வாடகை நிற்கிறது. அப்போது எதிரில் வந்து கேட்பவருக்கு எந்தப் பதில் கிடைக்கும்?

திட்டம் ஆளை எவ்வளவு வளைக்கும் என்பதற்கு பிரிட்டனில் ஒரு சான்று இருக்கிறது. அங்கே காசு கொடுத்தது பிராண்ட் இல்லை, வங்கியே. 2013 டிசம்பரில் லாய்ட்ஸ் வங்கிக் குழுமத்துக்கு நிதி ஒழுங்குமுறை அமைப்பு 2.8 கோடி பவுண்ட் அபராதம் போட்டது. காரணம், விற்பனை ஊழியர்களுக்கான ஊக்கத்தொகைத் திட்டம். டார்கெட்டை எட்டாவிட்டால் பதவியும் அடிப்படைச் சம்பளமும் இறங்கிவிடும். ஒரு ஊழியர் அதிலிருந்து தப்பிக்கத் தனக்கும், தன் மனைவிக்கும், சக ஊழியர் ஒருவருக்கும் பாலிசிகளை விற்றுக்கொண்டார். தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் அளவுக்கு ஒருவரைத் தள்ளிய திட்டத்தை விட்டுவிட்டு, அந்த ஆளை மட்டும் குறை சொல்ல முடியுமா? அபராதம் வங்கிக்குப் போனது சரிதான்.

அதனால் பொறுப்பை வரிசைப்படுத்தச் சொன்னால் நான் இப்படிச் சொல்வேன்: திட்டம் போட்ட பிராண்ட் முதலில், அதை உள்ளே விட்டுத் தன் சம்பளச் செலவைக் குறைத்துக்கொண்ட முதலாளி அடுத்து, ஊழியர் கடைசியில். கடைசியில் என்றால் பொறுப்பே இல்லை என்று பொருள் இல்லை. பொருந்தாது என்று தெரிந்தே விற்றால் அது அவர் கணக்கில்தான் எழுதப்படும்.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் கூர்மையானது. ஒரு பிராண்டில் முதலாளிக்கு 8 சதவீத மார்ஜின், இன்னொன்றில் 15 சதவீதம் என்று வையுங்கள். அவர் இரண்டாவதைத்தான் முன்வரிசையில் வைப்பார், அதைத்தான் விற்கச் சொல்வார். அதை யாரும் அறம் இல்லை என்று சொல்வதில்லை. ஊழியர் 400 ரூபாய் வாங்கினால் மட்டும் ஏன் பொங்குகிறோம்? இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. வாங்குபவர் பக்கமிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ஒரு வேறுபாடு மட்டும் சொல்லலாம். பொருள் கெட்டுப்போனால் வாடிக்கையாளர் திரும்பி வந்து நிற்பது முதலாளி முன்னால். கடையின் பெயர் அவருக்கு ஒரு கடிவாளம். வேறு கடைக்குப் போய்விடக்கூடிய ஊழியருக்கு அந்தக் கடிவாளம் இல்லை.

சொல்லிவிட்டால் போதுமா?

எனக்கு முதலில் தோன்றிய தீர்வு எளிமையானது: வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது. “இதை விற்றால் எனக்கு 400 ரூபாய் கிடைக்கும்” என்று ஒரு போர்டு வைத்தால் போதாதா? ஆராய்ச்சிகள் அவ்வளவு எளிதாக விடவில்லை.

டெய்லியன் கெய்ன், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், டான் மூர் மூவரும் 2005-ல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். ஒரு ஜாடி நிறையச் சில்லறை. மொத்தம் எவ்வளவு என்று ஒருவர் ஊகிக்க வேண்டும். அவர் ஜாடியைத் தூரத்திலிருந்து சில நொடிதான் பார்க்கலாம். பக்கத்தில் போய்ப் பார்த்த ஆலோசகர் ஒருவர் அவருக்கு வழி சொல்வார். ஆனால் ஊகம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு காசு ஆலோசகருக்கு. இந்த ஏற்பாட்டைச் சிலரிடம் சொன்னார்கள், சிலரிடம் சொல்லவில்லை. சொன்னபோது ஆலோசகர்கள் இன்னும் அதிகமாக ஏற்றிச் சொன்னார்கள். “அதான் சொல்லியாச்சே, அவர் குறைத்துக்கொள்ளட்டும்” என்ற நினைப்பு ஒரு காரணமாக இருக்கலாம். கேட்டவர்கள் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள், ஆனால் போதுமான அளவு இல்லை.

சுனிதா சா, லோவன்ஸ்டீன், கெய்ன் சேர்ந்து 2013-ல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு விசித்திரத்தைக் காட்டியது. ஆலோசகருக்கு இதில் லாபம் என்று தெரிந்ததும் கேட்பவருக்கு நம்பிக்கை குறைகிறது. ஆனாலும் மறுக்கக் கூச்சம் கூடுகிறது. மறுத்தால் “உன்னை நம்பவில்லை” என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடுமே! நம் ஊரில் இந்தக் கூச்சத்தை விளக்க வேண்டியதில்லை. “பாவம், அந்தப் பையனுக்கும் நாலு காசு கிடைக்கட்டும்” என்று வாங்கிவிடுவோம். பிறகு தனியாக யோசித்து முடிவை மாற்றிக்கொள்ள வாய்ப்பு இருந்தால் அந்த அழுத்தம் குறைகிறது என்பதையும் அதே ஆய்வு கண்டது.

மூன்றாவது ஆய்வு நம் நாட்டிலேயே நடந்தது. சந்தோஷ் அனகோல், ஷான் கோல், ஷாயக் சர்க்கார் மூவரும் ஆயுள் காப்பீட்டு ஏஜென்டுகளிடம் வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பிப் பார்த்தார்கள். கமிஷன் அதிகம் உள்ள, அந்த வாடிக்கையாளருக்குப் பொருந்தாத பாலிசிகளே பெரும்பாலும் சிபாரிசு செய்யப்பட்டன. 2010 ஜூலையில் யூலிப் பாலிசிகளுக்கு மட்டும் கமிஷனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்ற விதி வந்தது. ஏஜென்டுகள் என்ன செய்தார்கள்? யூலிப்பைச் சிபாரிசு செய்வதைக் குறைத்துக்கொண்டு, சொல்லத் தேவையில்லாத, கமிஷனும் அதிகமுள்ள வேறு பாலிசிகளுக்கு நகர்ந்தார்கள். ஓர் ஓட்டையை அடைத்தால் தண்ணீர் அடுத்த ஓட்டைக்குப் போகிறது. சாஃப்ட்வேர் ஆட்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

வெளிப்படைத்தன்மை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது தேவை, ஆனால் அது மட்டும் போதாது. காசு பாயும் வாய்க்காலையே மாற்ற வேண்டும்.

சட்டம் எங்கே நிற்கிறது?

இந்தியாவில் ஒரு வேடிக்கையான நிலை. இன்ஸ்டாகிராமில் ஒருவர் காசு வாங்கிக்கொண்டு ஷாம்பூவைப் புகழ்ந்தால், அந்தத் தொடர்பைச் சொல்லியாக வேண்டும். 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் அப்படிச் சொல்கின்றன. ஆன்லைன் கடைகளுக்கு 2020-ல் வந்த மின்வணிக விதிகள், பொருள்களை எந்த அடிப்படையில் வரிசைப்படுத்துகிறோம் என்று விளக்கச் சொல்கின்றன. காசு கொடுத்து மேலே வந்த பொருளுக்குப் பக்கத்தில் ‘ஸ்பான்சர்டு’ என்று பொடி எழுத்திலாவது போட்டிருப்பார்கள்.

நேரில் கடைக்குப் போனால் அந்தப் பொடி எழுத்துகூட இல்லை. பொருளின் தரம் பற்றி வாயால் பொய் சொன்னாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி அது முறையற்ற வணிகம்தான். ஆனால் “எனக்கு இந்த பிராண்ட் காசு தருகிறது” என்று சேல்ஸ்மேன் சொல்ல வேண்டும் என எந்த விதியும் குறிப்பாகக் கேட்கவில்லை. 1988 ஊழல் தடுப்புச் சட்டம் அரசு ஊழியர்களைப் பற்றியது, கடைக்கு அது வராது. பிரிட்டனின் 2010 லஞ்சச் சட்டம் தனியார் வணிகத்துக்குள் நடப்பதையும் சேர்த்துப் பார்க்கிறது.

வாய்க்காலை மாற்றிய உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் பணம் போடும்போதே கழித்துக்கொண்டிருந்த நுழைவுக் கட்டணத்தை 2009 ஆகஸ்ட் 1 முதல் செபி நீக்கியது. ஏஜென்டுக்கான கமிஷன் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. 2013 ஜனவரியில் இடைத்தரகர் இல்லாத டைரக்ட் திட்டங்கள் வந்தன. பிரிட்டன் 2012 கடைசியில் நிதி ஆலோசகர்கள் கம்பெனிகளிடம் கமிஷன் வாங்குவதையே நிறுத்தியது. அதற்கும் ஒரு விலை இருந்தது: ஆலோசனைக்குக் கையிலிருந்து ஃபீஸ் கட்ட முடியாத சின்ன முதலீட்டாளர்களுக்கு ஆலோசகர் கிடைப்பது கஷ்டமானது. ஃபிரிட்ஜ் கடையில் யாரும் ஆலோசனைக்கு ஃபீஸ் கட்டப்போவதில்லை. அதனால் முழுத் தடை அங்கே சரிப்படாது என்றே நினைக்கிறேன்.

என்னதான் செய்யலாம்?

கடைக்கு: பிராண்டுகள் கொடுக்கும் காசை ஒரே பானையில் போடுங்கள். எந்த பிராண்டை விற்றாலும் ஊழியருக்கு ஒரே இன்சென்டிவ் என்று அதிலிருந்து பிரித்துக் கொடுங்கள். ஊழியரின் வருமானம் குறையாது, ஒரு பக்கம் சாய வேண்டிய காரணம் மட்டும் போய்விடும். வாங்கிய பொருள் பொருந்தாமல் திரும்பி வந்தால் அந்த இன்சென்டிவையும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ப்ரோமோட்டர் யார், கடை ஊழியர் யார் என்று உடையிலேயே தெரியட்டும்.

பிராண்டுக்கு: பரிசைத் தனி ஆளின் பாக்கெட்டில் வைக்காமல், பொருளைச் சொல்லித் தரும் பயிற்சிக்குச் செலவழிக்கலாம். வீட்டுக்காரர் காசு கொடுத்து வாங்கும் டப்பாவுக்குள் பெயின்டருக்கு மட்டும் தெரியும் பரிசை வைப்பதை விட, அதை விலையிலேயே குறைக்கலாம்.

வாங்கும் நமக்குச் சில எளிய பழக்கங்கள்:

1. “நீங்க கடை ஸ்டாஃபா, கம்பெனி ஸ்டாஃபா?” என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். பெரும்பாலும் உண்மையைச் சொல்வார்கள்.

2. “எது நல்லது?” என்று கேட்காதீர்கள். உங்கள் தேவையைச் சொல்லிவிட்டு, “இதுல எனக்கு எது தேவைப்படாது?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு யாரும் ஸ்கீம் போட்டிருக்க மாட்டார்கள்.

3. கமிஷன் வாங்காத எண்களைப் பாருங்கள். ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் எரிசக்தித் திறன் அமைப்பின் நட்சத்திர ஸ்டிக்கர் இருக்கும். நட்சத்திரத்தோடு நிறுத்தாமல், வருஷத்துக்கு எத்தனை யூனிட், ஸ்டிக்கர் எந்தக் காலத்துக்கு உரியது என்று படியுங்கள். 2022 ஜூலையில் ஏசிக்கான அளவுகோலை இறுக்கியபோது, பழைய 5 நட்சத்திர ஏசி புதுக் கணக்கில் 4 ஆனது. தேங்கிய பழைய சரக்கு வெளியே போவது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

4. பெயின்டர், கார்பென்டரிடம் கூலியைச் சரியாகப் பேசுங்கள். டோக்கன் இருப்பது எனக்குத் தெரியும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். “டோக்கன நீங்களே வச்சுக்குங்கண்ணே, ஆனா பிராண்ட நான் சொல்றேன்” என்றால் இருவருக்கும் சங்கடம் இல்லை.

5. பெரிய பொருளை அன்றே வாங்காதீர்கள். “வீட்ல கேட்டுட்டு வர்றேன்” என்பது நம் ஊரில் யார் மனதையும் புண்படுத்தாமல் வெளியே வர உதவும் நல்ல வாக்கியம். ஓர் இரவு தள்ளிப்போட்டால் அந்தக் கூச்சத்தின் பிடி தளர்ந்துவிடும்.

இவை எல்லாம் கேட்கத் தெரிந்தவர்களுக்கு உதவும். கேட்கத் தெரியாதவர்களைக் காப்பாற்றக் கடையும் பிராண்டும் சட்டமும்தான் மாற வேண்டும். அதுவரை, வீட்டில் பெரியவர்கள் ஏதாவது பெரிதாக வாங்கப் போனால் கூடவே ஒருவர் போய் வாருங்கள். அரை நாள் லீவு போட்டாலும் லாபம்தான்.

மருந்துக்கடையில் ஒரே மருந்துக்கு இரண்டு பிராண்ட் இருக்கும்போது, கடைக்காரருக்குக் கிடைக்கும் மார்ஜின் எப்படி வேறுபடுகிறது என்று இப்போது படித்துக்கொண்டிருக்கிறேன். குறிப்புகள் சேர்ந்ததும் எழுதுகிறேன்.